இரண்டு பேர் தூக்கும் கொக்கி

மார்லிஸ் லைக்கர் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கேன்சஸின் ஆஸ்வால்டு ஊரில் இன்று மீசை வைத்துக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேரை மூக்கொழுகும் வயதில் ஏற்றி இறக்கியவள். பனியிலும் புழுதியிலும் ஒரு வேலிக்கம்பத்தைக்கூட உரசியதில்லை. அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு பிக்கப் வண்டியை அளக்காமல் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். கோதுமைக் கிடங்கில் காலைக் காப்பி குடிக்கும் கூட்டத்துக்கு ஒரு வாரம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

வண்டியின் பின்தொட்டி ஆறரை அடிதான் இருந்தது. எட்டடி இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அவள் டிரெய்லர் வீட்டை முதலிலேயே வாங்கிவிட்டாள். இறந்துபோன பல் டாக்டரின் மனைவி விற்றது. இருபத்தெட்டு அடி நீளம், உள்ளே கட்டில், அடுப்பு, சின்னதாக ஒரு சாப்பாட்டு மேஜை. வண்டியின் வாலில் மாட்டி இழுக்கிற ரகம் இல்லை அது. அதன் முன்பக்கம் கழுத்தைத் தூக்கிக்கொண்டு பிக்கப் தொட்டிக்கு மேலே வந்து நிற்கும். கழுத்திலிருந்து மணிக்கட்டுப் பருமனில் ஓர் இரும்பு முளை கீழே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டியின் நடுவில் இருக்கும் கொக்கி அந்த முளையைத் தாடையால் கவ்விக்கொள்ளும். இதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். அதில் சக்கரம் எதுவும் கிடையாது. பெயர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும். தொட்டி குட்டையாக இருந்தால் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூலை ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியில் வந்து இடிக்கும்.

"பாத்துத் திருப்பு, மார்லிஸ். மூலை கண்ணாடிய உடைச்சுக்கிட்டு உள்ள வந்து உம் பக்கத்துல உக்காந்துக்கும்" என்றார் கிடங்கு மேலாளர்.

"உக்காரட்டுமே. பக்கத்துல யாராச்சும் உக்காந்தா சரி" என்றாள் மார்லிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் ஏன் தொட்டியை அளக்கவில்லை என்றால், பின்சீட்டை அளந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் அல்போன்ஸ் எட்டு வருஷத்துக்கு முன் அறுவடை இயந்திரத்தின் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார முடியாது, நீட்ட வேண்டும். நாலு கதவு வைத்து, பின்சீட்டு அகலமாக இருக்கிற வண்டியாகத் தேடினாள். விற்பனைக் கொட்டகையில் எல்லோரும் பார்க்க அந்தச் சீட்டில் ஏறிப் படுத்து, அல்போன்ஸின் கால் நீளத்துக்குக் கணக்குப் பண்ணிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அறை பெரிதானால் தொட்டி குட்டையாகும் என்பது அந்தச் சந்தோஷத்தில் மண்டையில் ஏறவே இல்லை. அவருக்கு இடம் வைக்கப் போய்த்தான் பின்னால் ஒன்றரை அடி போயிற்று. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மண்டு என்று நினைத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

அவளுக்கு வேண்டியது ஓரெகான் கடற்கரை. அதுவும் அல்போன்ஸோடு. தனியாகப் போவதென்றால் எப்போதோ பஸ் பிடித்துப் போயிருக்கலாம்.

கல்யாணமான வருஷம், மே மாதம், போட்ட திட்டம் அது. அறுப்பு முடிந்ததும் ஓரெகானுக்குத் தேன்நிலவு. அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆலங்கட்டி மழை பெய்து கோதுமையைத் தரையோடு தரையாக்கிவிட்டுப் போனது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அல்போன்ஸ். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். "அறுப்பு முடியட்டும்." கேன்சஸில் அறுப்பு எங்கே முடிகிறது? ஜூனில் கோதுமை, அது முடிந்தால் வைக்கோல், செப்டம்பரில் விதைப்பு, குளிரில் மாடு, பிப்ரவரியில் கன்று ஈனல், அப்புறம் மறுபடி கோதுமை. கடலுக்குள் பாறைகள் நிற்கிற படமொன்றை ஒரு காலண்டரிலிருந்து வெட்டி, பேருந்தின் வெயில் மறைப்பில் ஒட்டி வைத்திருந்தாள். பிள்ளைகள் கேட்பார்கள், இது எங்கே இருக்கிறது என்று. மேற்கே என்பாள். பள்ளிக்கூடம் கிழக்கே இருந்தது. முப்பத்தொரு வருஷமும் காலையில் அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் ஓட்டினாள்.

அல்போன்ஸ் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது கிளம்பியிருப்பாள்.

ஹேய்ஸ் ஊருக்குப் போகிற சாலையில் டாரல் ட்ரைலிங் கொக்கிக் கடை வைத்திருந்தான். மார்லிஸின் பேருந்தில் பன்னிரண்டு வருஷம் போனவன். இரண்டாம் வகுப்பில் அவள் சட்டை மேலேயே வாந்தி எடுத்தவன். இப்போது வழுக்கை விழுந்து, இடுப்பு பெருத்து, மூன்று ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க மிஸ் மார்லிஸ். ஆறரை அடியாமே?"

"ஒனக்கும் வந்திருச்சா சேதி? நான் அளக்குறதுக்கு முன்னாடி ஊரே அளந்திருச்சுடா."

"மாட்டு டிரெய்லர் இழுக்குற இரும்புப் பந்தே போதும், அதுல ஒரு குழாயச் சொருகிக்கோன்னு யாராச்சும் புத்திமதி சொல்லியிருப்பாங்களே?"

"வேற யாரு, எங்க வீட்டு ஆளுதான்."

"அது வேணாம். மாட்டுக்குச் சரி, வீட்டுக்கு ஆகாது. டிரெய்லரோட கழுத்த முறுக்கி விட்டுரும்." கொட்டகைக்குள் கூட்டிப் போய் இரண்டு கொக்கிகளைக் காட்டினான். "இந்த ரெண்டுதான் உங்களுக்கு. தொட்டியில ரெண்டு இரும்புச் சட்டம் முடுக்கிருவேன். எதை எடுத்தாலும் அது மேல உக்காரும்."

முதலாவது கறுப்பாக, கனமாக, நகர்கிற கொக்கி. ஒடித்துத் திருப்ப வேண்டிய இடத்தில் ஒரு நெம்புகோலை இழுத்துவிட்டு வண்டியை நகர்த்தினால் கொக்கி ஓரடி பின்னால் போய்விடும். மூலை கண்ணாடிக்கு எட்டாது. குட்டைத் தொட்டிக்கென்றே செய்தது. இரண்டாவது அலுமினியம். நகராது. இரண்டு துண்டாகக் கழலும். ஒவ்வொன்றும் ஒரு தீவன மூட்டை எடை.

"நகராத கொக்கின்னா எந்நேரமும் அகலமாத்தான் திருப்பணும். ஒரு தடவ மறந்தாலும் கண்ணாடி போச்சு" என்றான் டாரல்.

"அப்ப கறுப்பு."

"இருங்க. யாரு தூக்குவா? தொட்டி வேணும்னா கொக்கியக் கழட்டணும். கறுப்பு ரெண்டாள் சுமை. நகத்தும்போதும் அப்படித்தான், ஒருத்தர் வண்டியில இருக்கணும், ஒருத்தர் கீழ நின்னு பூட்டு விழுந்துச்சான்னு பாக்கணும். கொக்கி விக்கிறவன் மொதல்ல கேக்க வேண்டியது இதத்தான். ஒருத்தரா, ரெண்டு பேரா?"

மார்லிஸ் கறுப்புக் கொக்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரும்பு குளிர்ந்திருந்தது.

"ரெண்டு பேரு" என்றாள்.

"அல்போன்ஸ் வர்றாரா?" டாரலின் குரலில் இருந்த ஆச்சரியத்தை அவன் மறைக்கத்தான் பார்த்தான்.

"வருவாரு."

"வீட்டுல கேட்டுட்டு போன் பண்ணுங்க மிஸ் மார்லிஸ். இது எறக்கி வெச்சா தனியாளா அசைக்க முடியாத சாமான்."

அன்று சாயங்காலம் பீராக் செய்தாள். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த ரொட்டி. அல்போன்ஸ் ஐந்து தின்பார். நாலாவதைத் தின்னும்போது பேச்சை எடுத்தாள். அவர் கவனமாகக் கேட்டார். கொக்கி என்றதும் ஆளே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சட்டத்தின் தடிமன், முளையின் எடை, போல்ட்டின் அளவு என்று கேள்வி மேல் கேள்வி.

"கறுப்பே வாங்கு. குட்டைத் தொட்டிக்கு அதுதான் சரி."

"அது ரெண்டாள் சுமை, அல்போன்ஸ். யாரு தூக்குறது?"

"ஏன், நான் இருக்கேன்ல?"

"இங்க இருக்கே. நான் அங்க கேக்குறேன்."

அல்போன்ஸ் ஐந்தாவது பீராக்கை எடுத்துப் பிட்டார். ஆவி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுப்பு முடியட்டும்" என்றார்.

முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்ட சொல்தான். ஆனால் இந்தத் தடவை வண்டி வாசலில் நின்றது, டிரெய்லர் கொட்டகையில் நின்றது. மாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே. ஆசைப்பட்ட மனசுக்கு அந்த அளவு போதும். அறுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, மழை பெய்து இயந்திரங்கள் எல்லாம் நின்றுபோன ஒரு நாளில், சமையலறையிலிருந்து டாரலுக்கு போன் பண்ணி, கறுப்புக் கொக்கியே வரட்டும் என்றாள். சொல்லும்போது பள்ளிக்கூடத்துப் பெண்போல் போன் கம்பியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் கொக்கி வந்தது. டாரலின் ஆட்கள் சங்கிலி போட்டுத் தூக்கித் தொட்டியில் வைத்தார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், மார்லிஸ் பள்ளிக்கூட மைதானத்தில் டிரெய்லரைப் பின்னால் எடுத்துப் பழகப் போனாள். அல்போன்ஸும் வந்தார். கூப்பிடாமலே வந்தார். கோவில் சட்டையை மாற்றாமல் வெயிலில் இறங்கி, டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பேருந்து ஓட்டினதெல்லாம் மறந்துரு. இது எதிர்ப் பக்கம் போகும். ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தப் பிடி. ரெண்டு கையாலயும் கூப்பிட்டா வா. கைவிரல மடக்கிக் காட்டினா நில்லு. இன்னொண்ணு. பக்கக் கண்ணாடியில என்னப் பாக்க முடியலன்னா உடனே நிறுத்திரு. எது எப்படி இருந்தாலும் நிறுத்திரு."

"உன்னப் பாக்க முடியாம எங்க போயிரப் போறே? இந்த உடம்ப வெச்சுக்கிட்டு."

"வாயப் பாரு. வா, வா. வலப்பக்கம். இன்னும் வா."

இரண்டு மணி நேரம். அல்போன்ஸ் கண்ணாடியில் சின்னதாக நின்று இரண்டு கையாலும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். காதலித்த காலத்தில்கூட இவ்வளவு நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றதில்லை. கடைசியில் விளக்குச் சோதனை. அவள் பிரேக்கை மிதித்தாள், அவர் பின்னாலிருந்து "எரியுது!" என்று கத்தினார். இடது விளக்கு, "எரியுது!" வலது, "எரியுது!" சும்மாவே இன்னொரு தடவை பிரேக்கை மிதித்தாள். "எரியுதுன்னு சொன்னேன்ல, கெழவி!" என்றார். பயணம் அப்போதே தொடங்கிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பின்சீட்டில் அவருக்கு ஒரு தலையணையும் போர்வையும் அன்றைக்கே கொண்டுவந்து வைத்தாள்.

விதைப்பு முடிந்தால் கிளம்பலாம் என்று அவளாக ஒரு தேதி குறித்தாள். அவர் தலையை ஆட்டினார்.

அக்டோபர் முதல் வியாழக்கிழமை, மாட்டுச் சந்தைக்குப் போன அல்போன்ஸ் நாற்பது கன்றுகளோடு திரும்பி வந்தார்.

சமையலறை ஜன்னல் வழியாகத்தான் மார்லிஸ் பார்த்தாள். கன்றுகள் ஒவ்வொன்றாகப் பட்டிக்குள் இறங்கின. குளிர்காலம் முழுக்கத் தீவனம் வைக்க வேண்டிய கன்றுகள். தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி உடைக்க, இருமலுக்கு ஊசி போட என்று தினமும் இரண்டு வேளை ஆள் வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வராத மனுஷன், அதை நாற்பது கன்றுகளாக வாங்கிக்கொண்டு வந்து சொன்னார். அவர் உள்ளே வந்து கை கழுவினார். அவள் தட்டு வைத்தாள். இரண்டு பேரும் சந்தை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். சாப்பிட்ட பிறகு அவள் கொட்டகைக்குப் போய், டிரெய்லருக்குள் ஏறி, அந்தச் சின்ன மேஜையில் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

சனிக்கிழமை காலையில் டாரல் கடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள்.

"அந்தக் கறுப்ப எறக்கிட்டு அலுமினியத்த வெச்சுக் குடுடா."

டாரல் ஏன் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் அவள் பேருந்தில் போனவனுக்கு அந்த மரியாதைகூடத் தெரியாதா? ஒன்று மட்டும் சொன்னான்.

"தூக்கிக் காட்டுங்க. தூக்க முடிஞ்சாத்தான் தருவேன்."

அடித்துண்டைக் கட்டிப் பிடித்துத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். ஏறி, இழுத்து, சட்டத்தில் உட்கார வைத்தாள். மேல்துண்டை அதன்மேல் ஏற்றிப் பூட்டு ஊசிகளைச் செருகினாள். மூச்சு வாங்கியது, ஆனால் முடிந்தது. முடியாமல் போக வேண்டும் என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டிருந்ததை அவள் அறிவாள். முடியாவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாமே. ஆனால் கை அந்த வேண்டுதலைக் கேட்கவில்லை. தீவன மூட்டை தூக்கிப் பழகிய கை அது.

"மூலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவுல ஒரு கை அகலந்தான் இருக்கும். அகலமாத் திருப்புங்க" என்றான் டாரல்.

"முப்பத்தொரு வருஷம் நான் வேற என்னடா பண்ணேன்?"

கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலை வெளிச்சம் தெளிவாக இருந்தது. சாலையோரம் சோளக்காடு சிவந்து நின்றது. மார்லிஸ் வண்டியைத் தனியாகவே பின்னால் எடுத்து, நாலு தடவை இறங்கி இறங்கிப் பார்த்து, முளையைத் தாடைக்குள் விட்டாள். கவ்வியதா என்று பார்க்க வண்டியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். இதைச் செய்யாமல் கிளம்பித் தொட்டி மேலேயே டிரெய்லரைப் போட்டுக்கொண்டவர்கள் அந்த ஜில்லாவில் ஏராளம். மிச்சமிருந்தது விளக்கு. பிரேக்கை மிதிக்கவும் வேண்டும், பின்னால் நின்று பார்க்கவும் வேண்டும். துடைப்பத்தைச் சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். துடைப்பம் வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தாள்.

பட்டியிலிருந்து அல்போன்ஸ் நொண்டிக்கொண்டு வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இது வேற கொக்கி."

"ஆமா."

"ஒராள் சுமையா?"

"ஒராள்தானே போறேன்."

கெட்ட முழங்காலை மண்ணில் ஊன்றிக் குனிந்து, தாடை பூட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து பட்டறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கம்பு இருந்தது. பழைய மண்வெட்டிக் காம்பை அறுத்துச் செய்தது. ஒரு நுனியில் வழுக்காமல் இருக்க டயர் ரப்பர் வைத்து ஆணி அடித்திருந்தது.

"துடைப்பம் நிக்காது. இத வெச்சுப் பாரு."

மார்லிஸ் அதைப் பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவே வைத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி போய் நின்றது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அறுத்த முகம் வெளுப்பு போய்ப் பழுப்பேறியிருந்தது. ரப்பரின் மடிப்பில் கோதுமை உமி ஒட்டியிருந்தது.

"இத எப்பச் செஞ்சே?"

"அறுப்புல ஒருநாள் மழை வந்துச்சே. வேல இல்லாம உக்காந்திருந்தேன்."

"அன்னிக்குத்தான் நான் கறுப்புக் கொக்கிக்குப் போன் பண்ணேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒராளுக்கான கம்பச் செஞ்சே? நீ வரப்போறதில்லன்னு உனக்கு அப்பவே தெரியுமா? பின்ன ஏன் சொல்லல, அல்போன்ஸ்? நாலு மாசம் நான் பைத்தியக்காரி மாதிரி தலகாணி எல்லாம் வெச்சேனே."

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே." அவர் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். "எனக்கு அங்க என்ன பண்றதுன்னே தெரியாது, மார்லிஸ். கடல் முன்னாடி போய் நின்னா கைய எங்க வெச்சுக்கிறதுன்னுகூடத் தெரியாது."

"எங் கையில வெச்சுக்க வேண்டியதுதானே" என்றாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வா. ஏறு."

பட்டியில் ஒரு கன்று இருமியது. அல்போன்ஸின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவர் பின்னால் போய் நின்றார். அவள் பிரேக்கை மிதித்தாள். "எரியுது." இடது. "எரியுது." வலது. "எரியுது." அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி கத்தவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

வண்டி மண்சாலையில் இறங்கியது. கண்ணாடியில் அல்போன்ஸ் நின்றார். சாலை முனையில் மேற்கே திரும்ப வேண்டும். பேருந்து ஓட்டியபோது கிழக்கே திரும்பிய அதே முனை. அகலமாகத் திருப்பினாள், மூலை பின்கண்ணாடிக்கு ஒரு கை தள்ளியே நின்றது. டிரெய்லரின் உடம்பு குறுக்கே வந்து பக்கக் கண்ணாடியிலிருந்து அவரை மறைத்தது. அவள் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டது. பார்க்க முடியாவிட்டால் நிறுத்திவிடு என்றுதானே சொன்னார். நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காலை எடுத்தாள்.

அன்று கொலராடோவில் ஒரு முகாமில் தங்கினாள். பக்கத்து டிரெய்லர்க் கிழவனும் கிழவியும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, இடது என்றாயா வலது என்றாயா என்று ஊரைக் கூட்டிச் சண்டை போட்டார்கள். மார்லிஸ் ஜன்னல் திரையை விலக்கி வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். அவ்வளவு பொறாமையாக இருந்தது.

காலையில் டிரெய்லரைக் கவ்வவிட்டு, இழுத்துப் பார்த்து, கம்பை முட்டுக் கொடுத்தாள். பின்னால் போய் நின்றாள். இரண்டு விளக்கும் சிவப்பாக, அசையாமல் எரிந்தன. யாரோ கால் எடுக்காமல் மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது.

"எரியுது!" என்று வண்டியைப் பார்த்துக் கத்தினாள்.

பிறகு போய்க் கம்பை எடுத்து, பின்சீட்டில், தலையணையில் ஒரு நுனி சாய, நீளவாக்கில் வைத்தாள். அங்கே கால் நீட்ட இடம் நிறையவே இருந்தது.